நீரைப் பார்த்துப் பறவையைப் பார்ப்போம்: வாசகர் கேள்வி–பதில்

கோடியக்கரைக் காட்டையும் முத்துப்பேட்டைக் கழிமுகத்தையும் பற்றிச் சென்ற இதழில் எழுதிய கட்டுரையைப் படித்த வாசகர்கள் பலர் கேள்விகள் அனுப்பியிருக்கிறார்கள். ஒரே ஐயத்தைப் பலர் கேட்டிருந்தால், அவற்றுள் தெளிவாக எழுதப்பட்ட ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு விடை தந்திருக்கிறேன்.

கேள்வி: சென்ற ஆண்டு நவம்பர் இறுதியில் நானும் தோழியர் நால்வரும் கோடியக்கரைக்கும் முத்துப்பேட்டைக்கும் சென்றிருந்தோம். வலசைப் பறவைகள் ஆயிரக்கணக்கில் இறங்கும் காலம் என்று கேள்விப்பட்டுப் போன எங்களுக்குத் திரும்பிய பக்கமெல்லாம் தண்ணீர்தான் தெரிந்தது. பறவைகள் வெகுதொலைவில் புள்ளிகளாக இருந்தன. நாங்கள் தவறான மாதத்தில் போய்விட்டோமா? — கல்லூரி மாணவி, கும்பகோணம்

பதில்: மாதம் தவறில்லை. நீங்கள் போன நாளில் பறவைகள் வந்து சேர்ந்தே இருந்தன. அவை நிற்பதற்கு ஏற்ற ஆழத்தில் தண்ணீர் இல்லை என்பதுதான் நடந்தது. கழிமுகத்தில் பறவை பார்க்கப் போகிறவர் முதலில் நீரைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்லிவருவதற்கு இதுவே காரணம்.

முத்துப்பேட்டையின் காயலில் காவிரிப் பாசனத்தின் கடைக்கோடி ஆறுகளான பாமணியாறு, கோரையாறு, கிளைதாங்கியாறு, மரக்காகோரையாறு, கந்தப்பரிச்சான் ஆறு ஆகியவை வந்து கலக்கின்றன. வடகிழக்குப் பருவமழை வலுக்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வயல்களில் இருந்து வடியும் நீர் முழுவதும் இந்த ஆறுகளின் வழியே இறங்குவதால், காயலும் அதன் கிழக்கே கோடியக்கரை வரை நீளும் வேதாரண்யம் பெருஞ்சதுப்பும் நிரம்பிவிடுகின்றன. கரைப்பறவைகளில் பெரும்பாலானவை நீந்தி இரை தேடுபவை அல்ல, நின்று தேடுபவை. சிட்டுக்குருவி அளவே உள்ள கொசு உள்ளானுக்கு, ஈரம் மினுங்கும் சேறும் அதன்மேல் ஒரு விரற்கணு அளவு நீரும் இருந்தால் போதும். பவளக்காலிக்கு அதைவிடச் சற்று ஆழம் தேவை. நெடுங்கால் உள்ளான் ஒரு சாண் நீரிலும் வசதியாக நடக்கும்; பூநாரை முழங்கால் அளவுக்கு மேலும் இறங்கும். ஆகவே, தண்ணீர் உயர்ந்த நாளில் சிறு பறவைகள் உப்பளங்களின் மேட்டுப் பாத்திகளுக்கும், உள்நாட்டு ஏரிகளின் ஓரங்களுக்கும், அறுவடை முடிந்த ஈர வயல்களுக்கும் சிதறிப்போய்விடும்.

பொங்கலுக்குப் பிறகு மழை ஓய்ந்து நீர் இறங்கத் தொடங்கும்போது, இப்படிச் சிதறியவை மீண்டும் சேற்றுவெளிக்கு வந்து சேர்கின்றன. நீர்ப்பறவைகளுக்காக மட்டும் வருவதாக இருந்தால் சனவரி நடுவிலிருந்து பிப்ரவரி இறுதி வரை உள்ள ஆறு வாரங்களைத் தேர்ந்தெடுங்கள் என்பது என் துணிவான பரிந்துரை. காட்டுப் பறவைகளுக்காக என்றால் அக்டோபரே மேல். அதைப் பற்றிக் கீழே வேறொரு கடிதத்துக்கு எழுதியிருக்கிறேன்.

நாளின் வேளையும் முக்கியம். இந்தக் கரையில் கடலின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டரைத் தாண்டுவது அரிது என்றாலும், தரை தட்டுப்போலப் பரந்து கிடப்பதால், ஒரு சாண் நீர் ஏறினாலே பல நூறு மீட்டர் சேறு மூழ்கிவிடும். நீர் ஏறத் தொடங்குவதற்கு முன்பே கரையோரம் போய் அசையாமல் அமர்ந்துவிட்டால், நீர் உயர உயரப் பறவைகள் தாமாகவே உங்களை நோக்கி நகர்ந்து வரும். நீர் வற்றும்போது போனால் அவை உங்களை விட்டு விலகிக்கொண்டே இருக்கும். சதுப்பின் உட்பகுதியில் கடல் ஓதத்தைவிடக் காற்றின் ஆட்சியே அதிகம். வாடைக்காற்று இரண்டு நாள் விடாமல் வீசினால் ஆழமற்ற அந்த நீர்ப்பரப்பு அப்படியே தென்மேற்கு ஓரத்துக்குத் தள்ளப்பட்டு, எதிர்ப்பக்கத்தில் புதிய சேறு வெளிப்படும். முந்தைய நாள் பறவையே இல்லாதிருந்த இடத்தில் மறுநாள் காலை கூட்டம் நிற்பதற்கு இதுவே காரணம். அந்தப் பகுதிப் படகோட்டிகளிடம் “இன்று தண்ணீர் எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது?” என்று கேட்டுப் பாருங்கள். “பறவை எங்கே இருக்கிறது?” என்று கேட்பதைவிட அது நல்ல கேள்வி.

கேள்வி: சேற்றில் ஓடும் சிறு பறவைகள் அனைத்தும் எனக்கு ஒன்றுபோலவே சாம்பலும் பழுப்புமாகத் தெரிகின்றன. படங்கள் நிறைந்த கையேட்டை வைத்துக்கொண்டு பார்த்தும் குழப்பமே மிஞ்சுகிறது. எங்கிருந்து தொடங்குவது? — வங்கி ஊழியர், சேலம்

பதில்: கையேட்டில் நிறத்தை முதலில் பார்க்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். ஆர்க்டிக் துந்திரத்தில் இனப்பெருக்கம் செய்யும்போது செம்பழுப்பும் கறுப்புமாக ஒளிரும் இந்தப் பறவைகள், நம் கரையில் தங்கும் மாதங்களில் சேற்றின் நிறத்தையே அணிந்திருக்கும். எனவே குளிர்காலத்தில் நிறம் உங்களுக்கு உதவாது. நடையும் அலகும் உதவும்.

முதலில் இரண்டு பெரும் குடும்பங்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். உப்புக்கொத்திகள் ஒருவகை, உள்ளான்கள் மற்றொரு வகை. உப்புக்கொத்திக்குத் தலை உருண்டை, கண் பெரிது, அலகு குட்டை. அது கண்ணால் இரை தேடும் பறவையாதலால் சில அடி விரைந்து ஓடும், சட்டென நிற்கும், பார்க்கும், ஒரே கொத்தில் எடுக்கும், மீண்டும் ஓடும். உள்ளானோ தலையைக் குனிந்தபடியே நடந்து, தையல் இயந்திரத்தின் ஊசியைப்போல அலகைச் சேற்றில் இறக்கி இறக்கி எடுத்துக்கொண்டு போகும். அதன் அலகின் நுனியில் நுண்ணிய உணர்வுக்குழிகள் இருப்பதால் சேற்றுக்குள் புழு அசைவதைக் கண்ணால் காணாமலே அறிந்துகொள்கிறது. ஓடி நிற்கும் பறவை, தைத்துக்கொண்டே போகும் பறவை என்ற இந்த ஒரு பாகுபாடு, இருநூறு மீட்டர் தொலைவிலும் தப்பாமல் தெரியும். நம் முன்னோர் வைத்த ‘உப்புக்கொத்தி’ என்ற பெயரிலேயே அது வாழும் நிலமும் அதன் செயலும் அடங்கியிருப்பதை எண்ணி நான் மகிழ்வதுண்டு.

அடுத்து அலகின் வடிவத்துக்கு வாருங்கள். கொசு உள்ளானுக்கு அலகு குட்டையாகவும் நேராகவும் இருக்கும், கால்கள் கறுப்பு. அதே கூட்டத்தில் அதைவிடப் பெரிதாக, நீண்ட அலகு கீழ்நோக்கி மெல்ல வளைந்திருப்பதைக் கண்டால் அது வளைமூக்கு உள்ளான். அது பறக்கும்போது வாலடிக்கு மேலே வெள்ளைப் பட்டை தெரியும். காலின் நிறத்தைப் பெயரிலேயே சுமந்திருக்கும் பவளக்காலியையும் பச்சைக்காலியையும் நீங்கள் ஒரே நாளில் கற்றுக்கொள்ளலாம். பவளக்காலி பறந்தால் சிறகின் பின்விளிம்பு வெண்மையாக மின்னும். கூட்டத்தில் முதலில் அச்சங்கொண்டு மற்றவற்றையும் எழுப்பிவிடுவது பெரும்பாலும் அதுதான்.

அலகின் வடிவம் எதற்காக என்பதை ஒருமுறை நேரில் கண்டுவிட்டால் பிறகு மறக்காது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சனவரி மாலையில், அலையாத்தி மரங்களின் ஓரத்தில் இருபது அடி தொலைவில் ஒரு குதிரைமலைக் கோட்டான் இரை தேடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். (பெயரில் கோட்டான் என்று இருந்தாலும் இதற்கும் ஆந்தைக்கும் தொடர்பில்லை, கோழியளவு உடலும், அரிவாள்போல வளைந்த மிக நீண்ட அலகும் கொண்ட கரைப்பறவை இது.) ஒரு நண்டு வளையின் அருகே நின்று, அலகைக் கண்வரை உள்ளே செலுத்தியது. வளை நேராக இறங்காமல் திரும்பிச் செல்லும் அல்லவா, அந்தத் திருப்பத்துக்கேற்பப் பறவையும் தலையைச் சாய்த்துத் தன் கழுத்தையே முறுக்கிக்கொண்டது. வெளியே வந்த அலகின் நுனியில், ஒற்றைக் கொடுக்கு மட்டும் பெருத்த சிறு நண்டு. அதைச் சேற்றில் அடித்து உதறிக் கொடுக்கையும் கால்களையும் கழற்றிவிட்டு, உடலை மட்டும் எடுத்துக்கொண்டு நான்கைந்து அடி நடந்து நீரோரம் போய், அலசி, பிறகு விழுங்கியது. அந்த வளைவு நண்டு வளையின் வளைவு என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

ஓர் அறிவுரை: முதல் ஆண்டில் பத்துப் பறவைகளுக்கு மேல் பெயர் தெரிந்துகொள்ள முயல வேண்டாம். அந்தப் பத்தின் நடையை மட்டும் நன்றாகப் பார்த்துவையுங்கள். பதினோராவது வரும்போது அது வேறு என்று உங்கள் கண்ணே சொல்லிவிடும்.

கேள்வி: என் சிறுவயதில் கோடியக்கரையில் பூநாரைகள் வானம் சிவக்க எழும்பியதைக் கண்டிருக்கிறேன். இப்போது சில ஆண்டுகளில் நூறைக்கூடக் காண முடிவதில்லை. அவை அழிந்துவருகின்றனவா? பேரன் பார்த்தபோது பாதிப் பறவைகள் அழுக்குச் சாம்பலாக இருந்ததாகச் சொல்கிறான். அதற்கு நோய் காரணமா? — ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், நாகப்பட்டினம்

பதில்: பேரனின் கண்ணைப் பாராட்டுங்கள். சாம்பல் நிறத்தில் இருந்தவை இளம் பறவைகள். அவற்றுக்கு நோய் ஒன்றும் இல்லை. பூநாரைக்கு இளஞ்சிவப்பு பிறப்பிலேயே வருவதில்லை. உவர்நீரில் வளரும் நுண்பாசிகளிலும் அவற்றைத் தின்னும் சிறு இறால்களிலும் உள்ள நிறமிகள் ஆண்டுக்கணக்கில் உடலில் சேர்ந்தே அந்த நிறம் ஏறுகிறது. சாம்பல் நிறக் குஞ்சுகள் கூட்டத்தில் மிகுதியாக இருந்தால், அண்மைப் பருவத்தில் இனப்பெருக்கம் நன்றாக நடந்திருக்கிறது என்று மகிழ வேண்டும். நம் நாட்டில் அவற்றின் பெரிய கூடுகட்டும் களம் குசராத்தின் கட்ச் பாலைச் சதுப்பு.

எண்ணிக்கையைப் பற்றிய தங்கள் கவலைக்கு இவ்வளவு எளிதாக விடை சொல்ல முடியாது. பூநாரை ஓர் இடத்துக்குக் கட்டுப்பட்ட பறவை அல்ல. பழவேற்காடு, கோடியக்கரை, தனுஷ்கோடி, மன்னார் என்று கடற்கரை முழுவதும் எங்கே நீர் தகுந்த ஆழத்திலும் உவர்ப்பிலும் இருக்கிறதோ அங்கே நகர்ந்துகொண்டே இருக்கும். அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி, நாக்கினால் நீரை உறிஞ்சி வெளியேற்றிச் சல்லடைபோல இரையை வடித்தெடுக்கும் பறவை அது. இரை நீரில் அடர்த்தியாக இருந்தால்தான் அவ்வளவு நீரை வடிப்பது அதற்குக் கட்டுப்படியாகும். ஆகையால் ஓர் ஆண்டு இங்கே குறைந்தது என்பதை வைத்து இனமே குறைந்தது என்று முடிவுகட்டக் கூடாது.

ஆயினும் தாங்கள் உணரும் இழப்பைப் பொய்யென்று நான் சொல்ல மாட்டேன். ஆற்றின் நன்னீர் சதுப்புக்குள் வந்து சேரும் அளவும் காலமும் மாறியிருக்கின்றன. சதுப்பின் பெரும்பகுதி உப்பளங்களாகியிருக்கிறது. கரைகள் எழுப்பப்பட்ட இடங்களில் நீர் முன்புபோலப் பரவுவதில்லை. இவை மூன்றும் பூநாரை விரும்பும் அந்த நுட்பமான உவர்ப்பைக் குலைக்கக்கூடியவை. 2002-ஆம் ஆண்டில் கோடியக்கரையும் முத்துப்பேட்டையும் சேர்ந்த 38,500 எக்டேர் பரப்பு, ராம்சர் என்னும் பன்னாட்டு உடன்படிக்கையின்கீழ் முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது நல்ல செய்தி. ஆனால் ஈரநிலத்தின் எல்லையைக் காப்பதோடு அதற்குள் வந்துசேரும் நீரையும் காத்தால்தான் அந்த அறிவிப்புக்குப் பொருள் உண்டு.

கேள்வி: அக்டோபர் மாதத்தில் எங்கள் பள்ளித் தாழ்வாரத்தில், பச்சை முதுகும் நீலச் சிறகும் வால் அடியில் குங்குமச் சிவப்புமாக ஒரு குட்டைவால் பறவை பறக்க முடியாமல் ஒடுங்கிக் கிடந்தது. மாணவர்கள் அரிசியும் தண்ணீரும் வைத்தும் தொடவில்லை. மறுநாள் காலையில் காணவில்லை. அது எந்தப் பறவை, நாங்கள் செய்தது சரியா? — ஆசிரியை, வேதாரண்யம் வட்டம்

பதில்: தங்கள் பள்ளிக்கு வந்த விருந்தாளி ஆறுமணிக்குருவி. விடியலிலும் அந்தி மயங்கும் வேளையிலும் இரட்டைச் சீழ்க்கையாகக் கூவுவதால் இந்தப் பெயர். கோடையில் மத்திய இந்தியக் காடுகளிலும் இமயமலை அடிவாரத்திலும் கூடுகட்டிவிட்டு, மழைக்காலத்தின் இறுதியில் இரவு நேரங்களில் பறந்து தெற்கே வருகிறது. அதிகம் பறந்து பழகாத, பெரும்பாலும் தரையிலேயே தத்தி வாழும் ஒரு பறவை இவ்வளவு தொலைவு வருவதால், வந்திறங்கும் நாளில் களைத்துப்போய் வீட்டுத் திண்ணைகளிலும் கிணற்றடிகளிலும் விழுந்து கிடப்பது தமிழ்நாட்டின் பல ஊர்களில் செப்டம்பர், அக்டோபரில் வழக்கமான காட்சி. மின்விளக்கு வெளிச்சத்தால் வழிமாறிக் கட்டடங்களில் மோதிக்கொள்வதும் உண்டு.

தண்ணீர் வைத்தது சரி. அரிசி அதற்கு உணவல்ல. சருகுகளுக்கு அடியில் இருக்கும் பூச்சியும் மண்புழுவுமே அதன் இரை. அடுத்த முறை, காற்றுப் புகும்படி துளையிட்ட அட்டைப்பெட்டியில் ஒரு பழைய துணியை விரித்து, பறவையை அதற்குள் விட்டு மூடி, பூனையும் குழந்தைகளின் கையும் எட்டாத இருட்டான அறையில் சில மணிநேரம் வைத்திருங்கள். இருட்டு அதன் அச்சத்தைத் தணிக்கும். பிறகு மாலையில், மரநிழலும் சருகும் உள்ள இடத்தில் பெட்டியைத் திறந்துவைத்துவிட்டு விலகி நில்லுங்கள். சிறகு தொங்கினாலோ குருதி தெரிந்தாலோ வனத்துறையினருக்குத் தெரிவியுங்கள்.

கோடியக்கரைக் காட்டின் அருமை இந்த மாதத்தில்தான் வெளிப்படுகிறது. கோடியில் நிற்கும் இந்தச் சிறு காடு, வறண்ட பசுமைமாறாக் காடு என்னும் அரிய வகையைச் சேர்ந்தது. உலக்கைப்பாலை மரங்கள் நெருங்கி, தாழ்ந்த கவிகையாகப் பின்னிக் கிடக்கும். மழை தொடங்கியதும் அதன் அடியில் சருகு நனைந்து பூச்சிகள் பெருகும். நிலப்பறவைகளைப் பொறுத்தவரை இதற்கப்பால் கடல். அந்தக் கடலுக்கப்பால் யாழ்ப்பாணக் குடாநாடு. இலங்கைக்குச் செல்லும் பறவை கடலைத் தாண்டுமுன் உண்டு வலுப்பெற இந்தக் காட்டைவிட்டால் வேறு மரநிழல் இல்லை என்பதால், அக்டோபர் மாதத்து விடியலில் ஆறுமணிக்குருவி, கொடிக்கால் வாலாட்டி, செந்தலைப் பூங்குருவி, அரசவால் ஈப்பிடிப்பான், பழுப்புக் கீச்சான் ஆகியவற்றை ஒரே நடையில் காணும் வாய்ப்பு உண்டு. காட்டில் நடந்துகொண்டே தேடுவதைவிட, சருகு நிறைந்த ஒரு நிழலைத் தேர்ந்து அரைமணி நேரம் அமர்ந்திருப்பது பயன் தரும். முதலில் சருகு புரளும் ஓசை கேட்கும். ஓணானோ தவிட்டுக்குருவியோ என்று எண்ணிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பச்சை முதுகு ஒரு தத்துத் தத்தி வெயில் புள்ளிக்குள் வந்து நிற்கும்.

தங்கள் மாணவர்கள் அந்தப் பறவை வந்த நாளைக் குறித்துவைத்தார்களா? ஆண்டுதோறும் முதல் ஆறுமணிக்குருவி வரும் நாளைப் பள்ளிச் சுவரில் எழுதிவந்தால், பத்து ஆண்டுகளில் அது மதிப்புமிக்க ஆவணமாகிவிடும்.

கேள்வி: முதன்முதலாகப் பைனாகுலர் வாங்க விரும்புகிறேன். அதிக உருப்பெருக்கம் உள்ளதே நல்லது என்கிறார் கடைக்காரர். — வாசகர், தஞ்சாவூர்

பதில்: கைநடுக்கமும் அதே அளவுக்குப் பெருகும் என்பதைக் கடைக்காரர் சொல்லவில்லை போலும். 8×42 என்று குறிக்கப்பட்டதை வாங்குங்கள். எட்டு மடங்கு பெருக்கமும் 42 மில்லிமீட்டர் முன்வில்லையும் காட்டின் இருளுக்கும் பொருந்தும், சேற்றுவெளிக்கும் பொருந்தும். வெகுதொலைவில் நிற்கும் உள்ளான் கூட்டத்தைப் பிரித்தறிய முக்காலியில் பொருத்தும் தொலைநோக்கிதான் வேண்டும். அதை ஒரு குழுவாகச் சேர்ந்து வாங்குவது நல்லது.

கேள்வி: நான் பறவைப் படங்கள் எடுப்பவன். ஆறுமணிக்குருவியை வெளியே வரவழைக்க அதன் குரலைக் கைப்பேசியில் ஒலிக்கச் செய்வதையும், பூநாரைகள் எழும்பும் காட்சிக்காகப் படகை அருகே செலுத்துவதையும் சிலர் கண்டிக்கிறார்கள். ஒரு நிமிடத் தொல்லையால் என்ன கெட்டுவிடும்? — புகைப்படக் கலைஞர், திருச்சி

பதில்: கொசு உள்ளானின் எடை 20 முதல் 30 கிராம் வரைதான். அது சைபீரியாவின் வடகோடி வரை திரும்பிப் பறக்க வேண்டுமானால், பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். எழுந்து ஒரு சுற்றுச் சுற்றி இறங்கும் ஒவ்வொரு முறையும் அந்தச் சேமிப்பிலிருந்து ஒரு பங்கு போகிறது. மேயும் நேரமும் போகிறது. நீங்கள் ஒரு நிமிடம் என்கிறீர்கள். உங்களுக்கு முன்பு ஒரு படகும் பின்பு நான்கு படகுகளும் போயிருக்கும் என்பதை அந்தப் பறவையின் பக்கத்திலிருந்து எண்ணிப் பாருங்கள்.

குரலை ஒலிக்கச் செய்வதும் இத்தகையதே. ஆறுமணிக்குருவி குளிர்காலத்திலும் தனக்கென ஒரு சிறு பரப்பைக் காத்து மேயும் பறவை. உங்கள் கைப்பேசியில் கேட்பது, தன் இடத்தைப் பறிக்க வந்த மற்றொன்றின் குரல் என்றே அது கொள்ளும். களைத்து வந்த பறவை இரையை விட்டுவிட்டு இல்லாத எதிரியைத் தேடி அலைகிறது. நல்ல படம் வேண்டும் என்ற தங்கள் வேட்கையை நான் மதிக்கிறேன். அதற்கு, நீர் ஏறும் வேளையில் முன்கூட்டியே போய்த் தாழ்ந்து அமர்ந்திருங்கள் என்று முதல் பதிலில் சொன்ன முறையையே பரிந்துரைக்கிறேன். உங்களைக் கல்லாக எண்ணி அருகில் வந்து மேயும் பவளக்காலியின் படத்தில் உள்ள அமைதி, விரட்டி எழுப்பிய பறவையின் படத்தில் ஒருநாளும் வராது. ட்ரோனைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள்: சரணாலயத்துக்குள் உரிய அனுமதியின்றி அதைப் பறக்கவிடக் கூடாது, பறவைகள் அதை வல்லூறாகவே காண்கின்றன.

கேள்வி: கஜா புயலுக்குப் பின் முத்துப்பேட்டை அலையாத்திக் காடு பட்டுப்போனதைக் கண்டு கலங்கினேன். இப்போது தேறிவிட்டதா? கோடியக்கரையில் சீமைக்கருவேலத்தை வெட்டுவது பறவைகளுக்கு நல்லதா, கெட்டதா? — விவசாயி, பட்டுக்கோட்டை

பதில்: 2018 நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலையில் வேதாரண்யம் பகுதியில் கரையேறிய கஜா, தங்கள் தென்னையை மட்டுமல்லாமல் இந்தக் காடுகளையும் முறித்துப் போட்டது, மான்களும் குதிரைகளும் பறவைகளும் மாண்டன. முத்துப்பேட்டைக் காட்டின் பெரும்பகுதி வெண்கண்டல் என்னும் ஒரே மரத்தால் ஆனது. கிளை முறிந்தாலும் அடிமரத்திலிருந்து மீண்டும் துளிர்க்கும் ஆற்றல் அதற்கு உண்டு. அந்த ஆற்றல் பலிக்க வேண்டுமானால் வேருக்குக் கடல்நீர் வந்துபோக வேண்டும். நீர் தேங்கிய பள்ளங்களில் உவர்ப்பு ஏறிக் கன்றுகள் பிழைப்பதில்லை. மீன்முள் வடிவத்தில் கால்வாய்கள் வெட்டி நீரோட்டத்தை மீட்கும் முறை அங்கே புயலுக்கு முன்பிருந்தே கையாளப்பட்டு வருகிறது. காட்டின் நலத்தை அறிய மரத்தைப் பார்ப்பதோடு, அந்தக் கால்வாய்களில் நீர் ஓடுகிறதா என்றும் பாருங்கள்.

சீமைக்கருவேலம் குறித்து என் கருத்து இது. 1967-இல் சரணாலயம் அமைக்கப்பட்டதே வெளிமானுக்காக. பெயருக்கேற்ப அதற்கு வெளி வேண்டும். புல்வெளியை மூடும் முட்புதரை அகற்றுவது மானுக்கும் தரையில் கூடுகட்டும் வானம்பாடி போன்ற பறவைகளுக்கும் நல்லது. அதே வேளையில், வேலிபோல வளர்ந்த புதர்களில் இரவில் அடையும் பறவைகளும் உண்டு. ஆகவே பகுதி பகுதியாக அகற்றி, அகற்றிய இடம் புல்லுக்கு உரியதாக இருந்தால் புல்லாகவே விட்டும், காட்டுக்கு உரியதாக இருந்தால் பாலையும் உகாயும் நட்டும் வர வேண்டும். வெட்டிய அடிக்கட்டை அடுத்த மழையில் இருமடங்காகத் துளிர்க்கும் என்பது உழவராகிய தங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கேள்வி: நான் அகத்தியம்பள்ளி அருகே உப்பளத்தில் வேலை செய்கிறேன். சித்திரை, வைகாசியில் வரப்பின்மேல் ஒரு சிறு பறவை முட்டையிட்டிருக்கும். அருகில் போனால் சிறகு ஒடிந்ததுபோல இழுத்துக்கொண்டு ஓடும். வலசைப் பறவைகள் எல்லாம் போன பிறகு இது ஏன் இங்கேயே இருக்கிறது? — உப்பளத் தொழிலாளர்

பதில்: இந்த மாதம் வந்த கடிதங்களில் என்னை மிகவும் மகிழ்வித்தது தங்களுடையதுதான். தாங்கள் காண்பது ஓர் உப்புக்கொத்தி. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் கெண்டிஷ் உப்புக்கொத்தியும் இதுவும் ஒரே இனம் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் ஆண்டு முழுவதும் தங்கிக் கூடுகட்டும் பறவைகள் உடலளவிலும் மரபணுவிலும் வேறுபடுவதைக் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியதன் பயனாக, 2023-ஆம் ஆண்டில் அது அனுமன் உப்புக்கொத்தி என்று தனி இனமாக ஏற்கப்பட்டது. சேதுக் கடலின் இருகரைகளிலும் வாழ்வதால் அந்தப் பெயர்.

சிறகு ஒடிந்ததுபோல நடிப்பது, தங்கள் கவனத்தை முட்டையிலிருந்து தன்மேல் திருப்புவதற்காக. அப்படிக் கண்டால் அதைப் பின்தொடராமல், வந்த வழியே திரும்பிவிடுங்கள். நண்பகல் வெயிலில் தாய் சிறிது நேரம் விலகினாலும் முட்டை வெந்துவிடும். கூடு என்று எதுவும் இராது, மணலில் ஒரு குழியும் அதில் புள்ளியிட்ட இரண்டு அல்லது மூன்று முட்டைகளுமே இருக்கும். ஆகவே வரப்பில் நடக்கும்போது கண்ணைத் தரையில் வையுங்கள். முட்டைக்கு இரண்டு முழம் தள்ளி ஓர் உப்புக்கட்டியை அடையாளமாக வைத்து, உடன் வேலை செய்வோருக்கும் சொல்லுங்கள். குச்சி நடுவதைத் தவிர்ப்பது நல்லது, காகம் அதன்மேல் வந்து அமரும்.

கேள்வி: வலையை உதறும்போது கரையில் இறந்து கிடந்த ஓர் ஆலாவின் காலில் எழுத்துப் பொறித்த உலோக வளையம் இருந்தது. அதை வைத்திருந்தால் வழக்கு வருமோ என்று அஞ்சிக் கடலில் வீசிவிட்டேன். செய்தது தவறா? — மீனவர், கோடியக்கரை

பதில்: அச்சம் இயல்பானது, ஆனால் இறந்த பறவையின் வளையத்தைத் தெரிவிப்பவர்மேல் யாரும் வழக்குத் தொடுப்பதில்லை, நன்றிதான் சொல்வார்கள். பறவைகளைப் பிடிப்பதும் கொல்வதும் 1972-ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். பறவையியல் அறிஞர் சலீம் அலி முன்னின்று நடத்திய காலத்திலிருந்து, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் கோடியக்கரையில் பல்லாயிரம் பறவைகளுக்கு வளையமிட்டு விட்டிருக்கிறார்கள். உலகிலேயே மிக அருகிவரும் கரைப்பறவைகளுள் ஒன்றான கரண்டிமூக்கு உள்ளான் இங்கே வந்திருந்தது என்பது 1980-களில் அவர்கள் வலையில் சிக்கியதால்தான் உறுதியாகத் தெரியவந்தது.

இனி அப்படி ஒன்று கிடைத்தால், வளையத்தில் உள்ள எண்ணையும் எழுத்துகளையும் ஒன்றுவிடாமல் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கைப்பேசி இருந்தால் வளையத்தைச் சிறிது சிறிதாகத் திருப்பி நான்கு பக்கமும் படமெடுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் எடுத்தால் எண் முழுவதுமாகத் தெரியாது. காலில் வண்ணப் பட்டையோ எழுத்துள்ள கொடியோ இருந்தால் அது எந்தக் காலில், முட்டிக்கு மேலா கீழா என்பதையும் குறியுங்கள். அந்த வண்ணமும் இடமும் எந்த நாட்டில் கட்டியது என்பதைக் காட்டிவிடும். கிடைத்த நாள், இடம், பறவை உயிரோடு இருந்ததா இறந்திருந்ததா என்ற மூன்றையும் சேர்த்து, கோடியக்கரை வனச்சரக அலுவலகத்தில் கொடுத்தால் போதும். அங்கிருந்து கழகத்துக்குச் செய்தி போய்விடும். பறவை உயிரோடு இருந்தால் வளையத்தைக் கழற்ற முயல வேண்டாம். எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு அதைப் பறக்கவிட்டுவிடுங்கள்.